முதல் ஐந்து பலங்கள் தெரிந்துவிட்டன, இனி என்ன?

"ஆன்லைன் தேர்வு எழுதி என் முதல் ஐந்து பலங்களைத் தெரிந்துகொண்டேன். இதனால் வாழ்க்கை நிஜமாகவே மாறுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரிந்துகொண்டதோடு நிறுத்தினால் மாறாது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நீங்கள் எழுதிய தேர்வுக்கு அடிப்படை, நியாய உணர்வு, கற்றல் ஆர்வம் போன்ற 24 குணப் பலங்களின் பட்டியல். அதை 2004-ல் தொகுத்தவர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர்கள். மறு ஆண்டே அவர்கள் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு பிரிவினரிடம், "உங்கள் ஐந்து பலங்களை இந்த வாரம் அடிக்கடி பயன்படுத்துங்கள்" என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம், "தினமும் ஏதாவது ஒன்றை இதுவரை பயன்படுத்தாத விதத்தில் பயன்படுத்துங்கள்" என்றார்கள். முதல் பிரிவினரின் உற்சாகம் சீக்கிரமே வடிந்துவிட்டது. இரண்டாம் பிரிவினருக்கு ஆறு மாதம் வரை மகிழ்ச்சி கூடியிருந்தது, மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்திருந்தன. எல்லோரும் இணையம் வழியாகத் தாங்களே முன்வந்தவர்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

நான் கோத்தகிரி பக்கம். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வரும் ஓர் அக்காவைப் பார்த்த பிறகுதான் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது. கண்ணெதிரே நியாயம் தவறினால் அவருக்குத் தாங்காது. மழை நாளில் எடை போடும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிப்பார்கள். மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். இவர் தராசுப் பக்கத்திலேயே நின்று, "பக்கத்து மூட்டையும் இதே மழையிலதானே நனைஞ்சது, அதுக்கு எவ்வளவு கழிச்சீங்கண்ணா?" என்பார். வாய்க்காரி என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

பிறகு அவருடைய மகளிர் குழுவில் கடன் கொடுப்பதில் தகராறு வந்து, கணக்கு நோட்டு இவர் கைக்கு வந்தது. யாருக்கு முதலில் கடன், யாருக்குத் தவணையில் ஒரு மாதம் விடலாம் என்பதையெல்லாம் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டி, எல்லோரும் சரி என்ற பிறகுதான் எழுதுவார். அதே குணம்தான், இடம்தான் வேறு. "இப்பதான் கண்ணு, நான் சொல்றத நாலு பேரு காது குடுத்துக் கேக்கறாங்க" என்றார். பேச்சிலேயே ஒரு தெம்பு.

அதற்காக, பலத்தைக் கண்டுபிடித்தால் போதும், கூலியைப் பற்றிக் கவலைப்படாதே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்தால் அந்த அக்கா வீட்டிலும் கவலைதான். அது தீர விலை ஏற வேண்டும்.

உங்கள் ஐந்தில் கற்றல் ஆர்வம் இருக்கிறதா? இன்னொரு புத்தகம் வாங்காமல், தெரிந்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நாள் சொல்லிக்கொடுங்கள். மறுநாள் உங்களுக்கு அறவே தெரியாத ஒரு வேலையை, அதைச் செய்பவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இப்படித் தினம் ஒரு விதமாகச் செய்து பாருங்கள்.