அப்பாவின் நுரையீரல் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘பிடி-எல்1: 60%’ என்று இருக்கிறது. நோய் 60 சதவீதம் பரவிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அது நோய் பரவிய அளவும் இல்லை, ஸ்டேஜும் இல்லை. நான் டாக்டர் இல்லை. ஒரு பேதாலஜி லேபில் பதினோரு வருடமாக ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றுகிறவன். அந்த 60 எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அப்பாவிடம் எடுத்த துணுக்கு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, ஒரு சின்னக் கட்டியாக எங்களிடம் வரும். பிளாக் என்போம். அதை 4 மைக்ரான் கனத்தில் சீவுவோம். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிடி-எல்1 புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை அதன் மேல் விடுவோம். புரதம் இருக்கும் இடம் பழுப்பாக மாறும், மற்றதெல்லாம் நீலமாக நிற்கும். அப்புறம் பேதாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து, புற்றுநோய் செல்களில் எத்தனைக்கு விளிம்பு பழுப்பாகியிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பார். உங்கள் அப்பாவுக்கு நூற்றுக்கு அறுபது. அவ்வளவுதான்.

சரி, அந்தப் புரதத்துக்கு என்ன வேலை? நம் ரத்தத்தில் நோயை எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்களில் ஒரு வகை டி-செல்கள். அவற்றின் மேல் பிடி-1 என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு ஸ்விட்ச். அதை அமுக்கினால் டி-செல் ‘போதும்’ என்று அடங்கிவிடும். இது உடம்பின் பாதுகாப்புக்காக இருக்கும் ஏற்பாடுதான். அடங்காத டி-செல் சொந்த உறுப்பையே கடிக்கும். அந்த ஸ்விட்சை அமுக்கும் விரல்தான் பிடி-எல்1. புற்றுநோய் செல் இந்த விரலை நீட்டி, தன்னைக் கொல்ல வந்த டி-செல்லை அணைத்துவிடுகிறது. உங்கள் ரிப்போர்ட் சொல்வது, நூறில் அறுபது செல்கள் விரலை நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதைத்தான்.

பிடி-1ஐ 1992இல் ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹொன்ஜோவின் குழு கண்டுபிடித்தது. செல் சாவதற்கான மரபணு என்று நினைத்துத்தான் ‘புரோகிராம்டு டெத்’, சுருக்கமாகப் பிடி, என்ற பெயரையே வைத்தார்கள். அது இல்லாத எலிகளுக்குத் தன்னுடல் தாக்கும் நோய்கள் வந்த பிறகுதான் அதன் உண்மையான வேலை புரிந்தது. இதேபோல சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு ஸ்விட்சைத் தடுத்துப் புற்றுநோய்க்கு மருந்தாக்கலாம் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசனும் ஹொன்ஜோவும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தக் கைகலப்பில் நடுவில் புகுந்து தடுப்பவைதான் டாக்டர் பேசப்போகும் இம்யூனோதெரபி மருந்துகள். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் ஸ்விட்சை மூடிவிடும். அடெசோலிசுமாப் விரலை மடக்கும். ஆக, விரல் நிறைய இருந்தால் மருந்துக்கும் வேலை இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. உங்கள் எண் ஒருவகையில் நல்ல செய்தி என்று நான் சொல்வது அதனால்தான். 2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயில் பிடி-எல்1 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த 305 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பெம்ப்ரோலிசுமாபும் மற்றதற்குக் கீமோவும் தொடங்கினார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் நூற்றுக்கு 32 பேர் உயிரோடு இருந்தார்கள், கீமோவில் தொடங்கியவர்களில் 16 பேர்.

ஆனால் 60% என்றால் மருந்து 60% வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களில் கட்டி நன்றாகச் சுருங்கியது நூற்றுக்கு 45 பேருக்குத்தான். பூஜ்யம் வந்தவர்களில்கூடச் சிலருக்கு மருந்து கேட்கிறது. இது சோதிடம் இல்லை, ஒரு சாய்மானம்.

அந்த எண்ணும் கல்வெட்டு இல்லை. சில வருடம் முன்பு ஒரு பெரியவரின் இடுப்பெலும்புத் துணுக்கு வந்தது. எலும்பை இளக்க ஆசிடில் போட்டிருந்தார்கள். பிடி-எல்1 சைபர். சாயம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்கக் கூடவே ஓட்டிய டான்சில் திசு (கன்ட்ரோல் என்போம்) பளிச்சென்று பழுப்பாகியிருந்தது, அதனால் சாயத்தில் கோளாறு இல்லை. எங்கள் மேடம் ஸ்லைடைத் தள்ளி வைத்துவிட்டு, “ஆசிட்ல போட்ட எலும்பை நம்பாதீங்க, வேற இடத்துலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க” என்றார். கழுத்து நெறிக்கட்டியிலிருந்து எடுத்தது 70 வந்தது. ஆள் ஒருவர்தான், நோயும் ஒன்றுதான். துணுக்கில் நூறு புற்றுநோய் செல்லாவது இல்லையென்றால் நாங்கள் எண்ணே கொடுப்பதில்லை.

இன்னொன்று, இதைத் தவறவிடாதீர்கள். இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுச் சோதனைகள் வந்துவிட்டனவா என்று கேளுங்கள். அவற்றில் மாற்றம் இருந்தால், பிடி-எல்1 எவ்வளவு உயரமாக இருந்தாலும் இம்யூனோதெரபி பெரும்பாலும் கைகொடுக்காது. அதற்கென்று தனி மாத்திரைகள் இருக்கின்றன. அவசரப்பட்டு இம்யூனோதெரபியைப் போட்டுவிட்டு, பின்னாலேயே இஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரை தொடங்கினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. சில நாள் காத்திருக்கச் சொன்னால் டாக்டரைத் திட்டாதீர்கள்.

மருந்து தொடங்கினால், கீமோ போல முடி கொட்டவில்லையே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஸ்விட்சை மூடினால் டி-செல் அப்பாவின் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும்கூடத் தாக்கலாம். பேதி, புதிதாக இருமல், மூச்சுத் திணறல், காரணமில்லாத சோர்வு, எது வந்தாலும் அன்றைக்கே போன் செய்யுங்கள். கைவைத்தியம் வேண்டாம்.

செலவைக் குறைக்க வழி உண்டா என்றால், அளவைக் குறைத்துப் பார்த்த ஒரு முயற்சி இருக்கிறது. மும்பை டாடா மெமோரியலில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம், குறைந்த அளவு கீமோ மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 ஆனார்கள். 2022இல் வெளியான முடிவு அது. நுரையீரலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

கடைசியாக என் வேலை சார்ந்த ஒரு வேண்டுகோள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதானால் ரிப்போர்ட் பேப்பரோடு பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் புதுச் சோதனைக்கும் அதுதான் தேவைப்படும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அது மெழுகு.