6.5 லட்சமா, மாதம் 22,000-ஆ? மூன்று ஆஃபர் லெட்டர்களில் எதை எடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர் கோவில்பட்டி பக்கம். இந்த ஆண்டு பி.இ. மின்னியல் முடித்தேன். கையில் மூன்று வேலை இருக்கிறது. சென்னை சிறுசேரியில் ஐ.டி. சர்வீஸ் கம்பெனி: ஆண்டுக்கு 3.6 லட்சம், 2 ஆண்டு பாண்ட், ஜாயினிங் தேதி ‘பின்னர் தெரிவிக்கப்படும்’. ஓசூரில் ஸ்விட்ச்கியர் (மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் சாதனங்கள்) தொழிற்சாலை: முதல் ஆண்டு ட்ரெய்னி, மாதம் 22,000. பெங்களூரில் மின்வாகன சார்ஜர் செய்யும் ஸ்டார்ட்அப்: ஆண்டுக்கு 6.5 லட்சம். கல்விக்கடன் 4 லட்சம் இருக்கிறது. அப்பா ஐ.டி.க்குப் போ என்கிறார். தோழிகள் 6.5 லட்சத்தை விடாதே என்கிறார்கள். பத்து நாளில் பதில் சொல்லியாக வேண்டும். எது சரி?

பதில்: மூன்று கடிதங்களையும் முழுசாக அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பல பேர் தொகையை மட்டும் எழுதிவிட்டு முடிவு கேட்பார்கள். அந்தத் தொகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பெங்களூர் கடிதத்தை எடுங்கள். 6.5 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 54,000 வருகிறது. ஆனால் அந்தத் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரப்போவதில்லை. கடைசிப் பக்கத்து அட்டவணையில் என்ன இருக்கிறது? ஜாயினிங் போனஸ் 50,000. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். வேரியபிள் 1 லட்சம். ஆண்டு முடிவில், கம்பெனியும் நீங்களும் இலக்கைத் தொட்டால் கிடைக்கும். கம்பெனிப் பங்கு 50,000. சட்டப்படியே ஓர் ஆண்டு முடியாமல் அது கைக்கு வராது, வந்தாலும் அதை வாங்க ஆள் வேண்டும். மிச்சம் 4.5 லட்சம். அதற்குள்ளும் கம்பெனி கட்டும் பி.எஃப். 21,600, கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று சுமார் 10,800, மருத்துவக் காப்பீட்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் அடக்கம். இதையெல்லாம் கழித்தால் மாதம் 34,000. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, கர்நாடகத் தொழில் வரி 200 போனால் கையில் 32,000.

கிராஜுவிட்டியைச் சம்பளமாக எண்ணவே வேண்டாம். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்தால்தான் அது கிடைக்கும். 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்பவர்களுக்கு மட்டும் ஓராண்டிலேயே உண்டு. பி.எஃப். உங்கள் பணம்தான், ஆனால் அடுத்த மாத வாடகைக்கு உதவாது. வருமான வரி மூன்று வேலையிலும் இல்லை.

சிறுசேரி கடிதத்தையும் இப்படியே பிரித்தால் கையில் வருவது 23,000. ஓசூரில் பிடித்தம் போக 20,000.

இப்போது செலவுக்கு வருவோம். 4 லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, பத்து ஆண்டு என்றால் மாதத் தவணை 5,300 வரும். படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசம் பொதுவாக உண்டு. ஆனால் அந்த ஓராண்டுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே முதல் மாதத்திலிருந்தே கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பெங்களூரில் சாப்பாட்டோடு பிஜி 11,000, போக்குவரத்து 3,000 என்று நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். தவணையும் போனால் மிச்சம் 12,700. ஓசூரில் கம்பெனி விடுதிக்கு 4,000 பிடிக்கிறார்கள்; பஸ்ஸும் கேன்டீனும் அவர்களுடையது. இதர செலவுக்கு 1,000 போட்டாலும் மிச்சம் 9,700. சென்னையில் ஹாஸ்டல் 9,000, பஸ் 2,000 போக 6,700 தான் நிற்கும்.

6.5 லட்சத்துக்கும் மாதம் 22,000-க்கும் நடுவே மாதக் கடைசியில் நிற்கும் வித்தியாசம் 3,000 ரூபாய். பேரில் பெரிய கம்பெனியான சிறுசேரிதான் கடைசி இடத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். அவர் ஐ.டி. என்பது உங்கள் பாதுகாப்பை நினைத்து. கணக்கைப் பார்த்தால் அவரும் யோசிப்பார்.

சிறுசேரி கடிதத்தில் எனக்கு உறுத்துவது சம்பளத்தைவிடத் தேதிதான். 2022-இல் தேர்வான பட்டதாரிகள் பலர் 2024 வரை அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். தேதி போடாத கடிதத்தை நம்பி இன்னொரு வேலையை விடக்கூடாது.

பாண்டைப் பற்றி ஒன்று. ‘அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி வைத்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நியாயமான அளவுக்குத்தான் இழப்பீடு என்று வாதாடலாம்; ஆனால் வேலைக்குப் புதிதாக வந்த பெண் வக்கீல் வைத்து அலைவதை நான் விரும்பவில்லை. கையெழுத்துப் போட்டால் இரண்டு ஆண்டு இருப்பேன் என்ற முடிவோடு போடுங்கள். எந்தக் கம்பெனி கேட்டாலும் ஒரிஜினல் சான்றிதழையோ வெற்றுக் காசோலையையோ கொடுக்காதீர்கள். பத்து ஆண்டுக்கு முன் ஒரு பையன் என்னிடம் நேர்முகத்துக்கு வந்தான். பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்தால் எட்டு செமஸ்டர் மார்க்ஷீட்டும் ஜெராக்ஸ். ஒரிஜினல் பழைய கம்பெனியின் பீரோவில். அவனை எடுத்துக்கொள்ள நாங்கள் தயார், அவனால்தான் வர முடியவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பணத்தைப் பார்த்தாயிற்று. நான் இதைவிடப் பெரிதாக நினைப்பது வேறு: முதல் இரண்டு ஆண்டு உங்கள் கை எதைத் தொடும், யார் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள்?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், டெஸ்டிங் பிரிவில் ஒரு கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்க மெகர் என்ற கருவியைப் போட்டுப் பார்த்தோம். அளவு சரியாக வந்தது. சந்தோஷத்தில் முனையைக் கழற்றக் கை நீட்டினேன். பக்கத்தில் நின்ற மூத்த டெக்னீஷியன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். கேபிள் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும், முதலில் எர்த்தில் தொட்டு இறக்கு என்றார். எர்த் கம்பியை வைத்ததும் ‘சட்’டென்று ஒரு பொறி. மின்தேக்கியைப் பற்றி நான்கு ஆண்டு படித்திருந்தேன். அது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பிறகு இருபது ஆண்டு ஆள் எடுக்கும் வேலையில் இருந்தபோது, அப்படி ஒருவர் கையில் பழகி வந்த பிள்ளைகளைப் பத்து நிமிடப் பேச்சில் அடையாளம் கண்டுவிடுவேன்.

அதனால் என் ஓட்டு ஓசூருக்கு. ஆனால் ஒரு விஷயத்தை எழுத்தில் வாங்க வேண்டும். ட்ரெய்னி என்பது வேறு, 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் அப்ரென்டிஸ் என்பது வேறு. அப்ரென்டிஸ் என்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை, பி.எஃப். பிடித்தமும் இருக்காது. உங்கள் கடிதத்தில் பி.எஃப். 1,800 காட்டியிருப்பதால் இது ட்ரெய்னி வேலைதான் என்று தோன்றுகிறது. இருந்தாலும் எச்.ஆருக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள். ஓராண்டு முடிந்து நிரந்தரமானால் சம்பளம் எவ்வளவு, என்னை எந்தப் பிரிவில் போடுவீர்கள், இரவு ஷிஃப்ட் இருந்தால் விடுதிவரை வண்டி உண்டா என்று கேளுங்கள். கேட்டால் ஆஃபரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் வேண்டாம். மரியாதையாகக் கேட்ட கேள்விக்காக நான் யாருடைய கடிதத்தையும் ரத்து செய்ததில்லை.

டெஸ்டிங், டிசைன், புரொடக்‌ஷன் என்று பதில் வந்தால் போய்ச் சேருங்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். இரண்டு ஆண்டு கழித்து பேனலையும் பிரேக்கரையும் கையால் சோதித்த அனுபவத்தோடு இதே சார்ஜர் கம்பெனிகளின் கதவைத் தட்டலாம். ஸ்டோர்ஸில் கணக்கு எழுதத்தான் என்று பதில் வந்தாலோ, அப்ரென்டிஸ் என்று தெரியவந்தாலோ பெங்களூருக்குப் போங்கள். அப்போதும் அங்கே மின்னியல் தெரிந்த சீனியர் எத்தனை பேர், நீங்கள் யாருக்குக் கீழே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டே சம்மதம் சொல்லுங்கள். கம்பெனியிடம் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்றும் தயங்காமல் கேட்கலாம்.

இரண்டு இடத்துக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் ஒன்றைக் கைவிடாதீர்கள்; அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர்களை எடுக்க அந்தக் கம்பெனி கல்லூரிக்கு வராமல் போகலாம். முடிவானதும் மற்ற இருவருக்கும் இரண்டு வரி எழுதி, ப்ளேஸ்மென்ட் ஆபீசருக்கும் சொல்லிவிடுங்கள்.

பத்து நாளில் ஒரு ஞாயிறு வருகிறது. சனிக்கிழமை இரவு அப்பாவோடு பஸ் ஏறி ஓசூர் போய் அந்த விடுதியை நேரில் பாருங்கள். அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் தண்ணீர், சாப்பாடு, இரவு வண்டி பற்றிக் கேளுங்கள். எச்.ஆர். பதிலும் அதற்குள் வந்திருக்கும். திங்கள்கிழமை சம்மதத்தை அனுப்பலாம்.