அமெரிக்கக் கூட்டாட்சித் தண்டனைச் சட்டம்: அண்மைக்கால மாற்றங்கள் பற்றிய கேள்வி பதில்

வந்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: சட்டம் மாறிவிட்டது சரி, ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? அதை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். இவை கூட்டாட்சி வழக்குகளுக்கு மட்டுமே உரியவை. மாநில நீதிமன்றங்களுக்குப் பொருந்தா.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): தண்டனை வழிகாட்டு நெறிகளை நீதிபதி பின்பற்றியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. குற்றத்தின் கடுமையையும் முன்குற்றங்களையும் கணக்கிட்டு ஒரு தண்டனை வரம்பைத் தருபவை இந்நெறிகள். 1987 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அவை தொடக்கத்தில் நீதிபதிகளைக் கட்டுப்படுத்தின. 2005இல் புக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றை ஆலோசனை நிலைக்குக் கொண்டுவந்தது. என்றாலும் நீதிபதி முதலில் நெறிகளின்படி கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான் அதிலிருந்து விலக முடியும். நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதி வைத்த கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகளை புக்கர் தீர்ப்பு தொடவில்லை. அவ்வகைப் பிரிவில் குற்றம் சாட்டப்பட்டு நிரூபணமாகிவிட்டால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, நீதிபதியின் கை கட்டப்பட்டுவிடுகிறது. எந்தப் பிரிவில் வழக்குத் தொடுப்பது என்று முடிவு செய்யும் அரசு வழக்கறிஞரின் கைக்கே உண்மையான அதிகாரம் போய்விடுகிறது. இத்துறையின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

கேள்வி: ஜூரி விடுவித்த குற்றத்துக்கும் சேர்த்துத் தண்டிக்க முடியும் என்று படித்தேன். இது உண்மையா?

நீண்ட காலம் உண்மையாகவே இருந்தது. ஜூரி ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவை; தண்டனை வழங்கும் நீதிபதிக்கோ, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பட்டாலே போதும். இந்த வேறுபாட்டைக் காட்டியே 1997இல் வாட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. இதன் விளைவை மெக்லின்டன் வழக்கில் காணலாம். இண்டியானாபோலிஸில் மருந்துக்கடைக் கொள்ளைக்காகத் தண்டிக்கப்பட்ட அவரை, அதன் பின் நடந்த கொலையிலிருந்து ஜூரி விடுவித்தது. ஆனால் நீதிபதி அக்கொலையையும் கணக்கில் சேர்த்தார். 57 முதல் 71 மாதங்கள் வரை இருந்திருக்க வேண்டிய தண்டனை 228 மாதங்கள் ஆயிற்று. பதினெட்டு வயதும் நிறையாத நிலையில் அந்தக் கொள்ளையில் ஈடுபட்டவர் அவர். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்க மறுத்தது.

அதன் பின், இந்நெறிகளை வகுக்கும் தண்டனை ஆணையம் தானே நெறியைத் திருத்தியது. 2024 நவம்பர் 1 முதல், கூட்டாட்சி நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்ட செயலை நெறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அச்செயல் தண்டிக்கப்பட்ட குற்றத்தையும் நிறுவும் பகுதியாக இருந்தால் மட்டும் சேர்க்கலாம். மாநில நீதிமன்றத்தில் கிடைத்த விடுதலைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இத்திருத்தம் முன்தேதியிட்டும் பொருந்தாது. தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்திய ஒன்றின் பயனை, அந்தத் தவறால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு மறுப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

கேள்வி: என் உறவினர் நிதி மோசடி வழக்கில் முதல் முறை தண்டிக்கப்பட்டவர். தண்டனை குறையுமா?

2023ஆம் ஆண்டுத் திருத்தம் அவருக்கு உதவக்கூடும். முன்குற்றப் புள்ளி எதுவும் இல்லாதவர்களுக்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, குற்ற நிலையில் (குற்றத்தின் கடுமைக்கு நெறிகள் தரும் எண்ணில்) இரண்டு படிகள் குறைக்கப்படும். வன்முறையோ ஆயுதமோ இருந்திருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்குக் கடும் பண நெருக்கடியையும் அவர் நேரடியாக ஏற்படுத்தியிருக்கக் கூடாது. மோசடி வழக்குகளில் பலர் இந்தக் கடைசி நிபந்தனையில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, 24ஆம் நிலையில் அவருக்கான வரம்பு 51 முதல் 63 மாதங்கள். 22ஆம் நிலைக்கு இறங்கினால் 41 முதல் 51 மாதங்கள். இத்திருத்தம் முன்தேதியிட்டுப் பொருந்தும், ஆனால் தானாக நடக்காது. நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். பொதுவாகப் புதிய வரம்பின் அடிமட்டத்துக்குக் கீழே குறைக்கவும் முடியாது. ஆகவே நீதிபதி அன்றே இரக்கப்பட்டு 40 மாதங்கள் கொடுத்திருந்தால், இதனால் அவருக்கு எதுவும் கிடைக்காது. தண்டனை உத்தரவையும் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: துப்பாக்கி வழக்கில் ஒருவருக்கு நூறாண்டுக்கு மேல் தண்டனை வருவது எப்படி?

வன்முறைக் குற்றத்தின்போதோ போதைப்பொருள் குற்றத்தின்போதோ துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டுகள். மீண்டும் செய்தால் 25 ஆண்டுகள். இவை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டியவை. ஒரே வழக்கில் மூன்று கொள்ளைகள் சேர்ந்து வந்தாலும் இரண்டாவதையும் மூன்றாவதையும் ‘மீண்டும் செய்தது’ என்று கணக்கிட்டார்கள். ஆக 5, 25, 25 என்று 55 ஆண்டுகள், கொள்ளைக்கான தண்டனை தனி; ஐந்து கொள்ளைகள் என்றால் நூறைத் தாண்டிவிடும். 2018 டிசம்பரில் வந்த முதல்படிச் சட்டம், முந்தைய தண்டனைத் தீர்ப்பு இறுதியான பிறகு செய்த குற்றத்துக்கே 25 ஆண்டுகள் என்று திருத்தியது. அதே கணக்கு இன்று 15 ஆண்டுகளிலிருந்து தொடங்கும்.

சட்டம் வருவதற்கு முன் தண்டனை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் பழைய தண்டனை ரத்தாகி, மறுபடி தண்டனை விதிக்க வேண்டி வந்தால்? 2025 ஜூனில் ஹியூவிட் வழக்கில், 5க்கு 4 என்ற கணக்கில், அவர்களுக்கும் புதிய சட்டமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரத்தான தண்டனை என்பது விதிக்கப்படாத தண்டனைக்குச் சமம் என்ற அந்தத் தர்க்கம் எனக்குச் சரியாகவே படுகிறது.

கேள்வி: கிராக் கொக்கெயினுக்கு இன்னமும் தனி அளவுகோலா?

ஆம். கிராக் என்பது புகைக்கப்படும் கட்டி வடிவக் கொக்கெயின். அதே தண்டனைக்குத் தூள் கொக்கெயின் எத்தனை மடங்கு வேண்டும் என்பதற்கு 1986இல் 100க்கு 1 என்று வைத்த விகிதத்தை 2010இல் 18க்கு 1 என்று குறைத்தார்கள்; 2018 சட்டம் அதை முன்தேதியிட்டுப் பொருத்தியது. 28 கிராம் கிராக்குக்கு 5 ஆண்டுகள் என்றால், தூள் கொக்கெயினுக்கு 500 கிராம் வேண்டும். இரண்டும் அடிப்படையில் ஒரே போதைப்பொருள்தான். பதவிக்காலம் முடிவதற்குச் சில நாட்கள் முன், 2025 ஜனவரியில், அதிபர் பைடன் சுமார் 2,500 பேரின் தண்டனையைக் குறைத்ததற்குச் சொன்ன காரணங்களில் இந்த வேறுபாடும் ஒன்று. விகிதத்தையே மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: என் மைத்துனர் கிரீன் கார்டு வைத்திருப்பவர். சிறைப் பயிற்சிகளில் சேர்ந்தால் முன்கூட்டியே வெளியே வர முடியுமா?

தகுதியுள்ளவர்களுக்குப் பயிற்சியில் ஈடுபடும் ஒவ்வொரு 30 நாளுக்கும் 10 நாள் வரவு கிடைக்கும்; மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு குறைவு என்ற மதிப்பீடு தொடர்ந்து இருந்தால் மேலும் 5 நாள். இவ்வகையில் அதிகபட்சம் 12 மாதங்கள் முன்னதாக மேற்பார்வை விடுதலைக்குச் செல்லலாம். ஆனால் இறுதியான நாடுகடத்தல் உத்தரவு ஒருவர் மேல் இருந்தால், சேர்த்த வரவு எதையும் பயன்படுத்த இயலாது. குடியேற்றத் துறையின் பிடிப்பு வேண்டுகோள் (விடுதலையாகும்போது எங்களிடம் ஒப்படையுங்கள் என்று சிறைக்கு அனுப்பும் கோரிக்கை) மட்டும் இருந்தால் சட்டம் தடுக்கவில்லை. இரண்டையும் ஒன்றென எண்ணிக் குழம்புபவர்கள் உண்டு. உங்கள் மைத்துனரின் கோப்பில் இருப்பது எது என்பதை முதலில் எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.