‘தெபெரா’ என்று கடிதம் வந்தால் செய்தே ஆக வேண்டுமா?

கேள்வி: ஸ்பெயினில் வலென்சியாவில் வேலை பார்க்கிறேன். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தேன். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகலையும் 10 நாளில் ‘தெபெரா அபோர்தார்’ (‘அபோர்தார்’ என்றால் கொடுப்பது) என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ‘தெனேர் கே’ என்றால் கட்டாயம், ‘தெபேர்’ என்றால் செய்தால் நல்லது என்றுதான் வகுப்பில் படித்தேன். விண்ணப்பம் போட்டுக்கொடுத்த ஏஜெண்டும் அவசரமில்லை என்கிறார். அப்படியா?

பதில்: இல்லை. கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் கெடுவுக்குள்.

வகுப்பில் சொன்னது பேச்சுக்கு ஓரளவு பொருந்தும். நண்பர் ‘தெபெஸ் தெஸ்கான்ஸார்’ என்றால் ‘நீ ஓய்வெடுக்கணும்ப்பா’ என்ற அளவுதான். அலுவலகக் கடிதத்தில் அதே வினை எதிர்காலத்தில் ‘தெபெரா’ என்று வந்தால் உத்தரவு. ‘ஆ தே ப்ரெஸெந்தார்’ (சமர்ப்பிக்க வேண்டும்) என்று வந்தாலும் அதேதான். யோசனை சொல்லும் வடிவம் ‘தெபெரீயா’. கடைசியில் ‘ரா’வை அழுத்தினால் கட்டளை, ‘ரீ’யை அழுத்தி ‘யா’ என்று முடித்தால் அறிவுரை. குடியுரிமைக்கு ஏ2 என்ற அடிப்படை நிலை ஸ்பானிஷ் போதும் என்று சட்டம் போட்ட அரசு, கடிதத்தை மட்டும் வக்கீல் படிப்பதற்காக எழுதுவதுபோல எழுதுகிறது. கடிதத்தில் வகுப்பில் படித்த ‘தெனேர் கே’, அதாவது ‘தியெனே கே’, வரும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கவுண்டரில் நீங்கள் பேசும்போது ‘தெங்கோ கே’ போதும்: ‘தெங்கோ கே த்ராஎர்லோ?’, அதாவது ‘நான் இதைக் கொண்டுவரணுமா?’ நடுவில் வரும் ‘கே’யை விழுங்காதீர்கள். ‘தெபோ’வுக்குப் பின்னால் அந்தக் ‘கே’யை ஒட்டவும் வேண்டாம். ‘ஐ கே’ (செய்ய வேண்டும்) பொதுவாகச் சொல்வது, அதற்கு ‘நான்’, ‘நீ’ கிடையாது. ‘யோ ஐ கே’ தவறு.

எதிர்மறையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், இதைக் கவனமாகப் படியுங்கள். ‘நோ தெபெஸ் ஃபிர்மார்’ என்றால் கையெழுத்துப் போடக் கூடாது. ‘நோ தியெனெஸ் கே ஃபிர்மார்’ என்றால் போட வேண்டியதில்லை, போட்டாலும் தப்பில்லை. ‘நோ ஐ கே’ இரண்டு பக்கமும் சாயும். ‘நோ ஐ கே பகார் நாதா’ என்றால் எதுவும் கட்ட வேண்டாம். ‘நோ ஐ கே ஃபிர்மார் சின் லேஎர்’ என்றால் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. சந்தேகம் வந்தால் ‘நோ ஆதே ஃபால்தா?’ (தேவையில்லையா?) என்று திருப்பிக் கேளுங்கள். ‘சி’ (ஆம்) என்ற பதிலோடு விடாமல் முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி ஏஜெண்ட் விஷயம். 10 நாள் என்பது வேலை நாள்: சனி, ஞாயிறு, விடுமுறை சேராது. அறிவிப்பு கிடைத்ததற்கு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். தவறினால் விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாக, ‘தெஸிஸ்தீதோ’ என்று, முடித்துவிடலாம். ஏஜெண்டைப் பிரதிநிதியாகப் போட்டிருந்தால் மின்னணு அறிவிப்பு அவர் பெட்டிக்குத்தான் போகும். அவர் 10 நாட்காட்டி நாட்கள் திறக்காவிட்டால் மறுத்ததாகக் கணக்கு, கெடு அதன்பின் தானாக ஓடும். ‘அவசரமில்லை’ என்பவர் உங்கள் கோப்பைத் திறக்கவே இல்லாதவராக இருக்கலாம். கெடு போன பிறகு ‘புதிதாகப் போடலாம்’ என்று இன்னொரு கட்டணமும் கேட்பார்.

ஆவணம் கிடைக்கத் தாமதமானால் 10 நாள் முடிவதற்குள் எழுதிக் கேளுங்கள், 5 நாள் வரை நீட்டிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பாஸ்போர்ட் நகலுக்கு அது தேவைப்படாது. வெற்றுப் பக்கங்களையும் விடாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

அனுப்பிவிட்டேன் என்று ஏஜெண்ட் சொன்னால் ‘ஹுஸ்திஃபிகாந்தே’ கேளுங்கள். பதிவு எண்ணும் நேரமும் உள்ள ரசீது அது. வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ வந்தது ரசீது ஆகாது. ரசீது கைக்கு வரவில்லையென்றால், கோப்பு எண்ணைப் போட்டு அன்றைக்கே நீங்களே பதிவகத்தில் நகலைக் கொடுத்துவிடுங்கள்.