வண்டியில் வராத செடிகள்: கடலோரத் தோட்டம் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், தென்கடலிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி வீடு கட்டியிருக்கிறோம். நிலம் மணல், ஒரு மூலையில் மட்டும் கண்மாய் மண் அடித்து நிரப்பினோம். வண்டியில் வந்த செடி வியாபாரியிடம் 'உப்பைத் தாங்கும் ரகம்' என்று வாங்கி நட்ட எலுமிச்சையும் செம்பருத்தியும் இரண்டு முறை கருகிவிட்டன. எலுமிச்சையில் முற்றிய இலைகள் எல்லாப் பக்கமும் நுனியிலிருந்து காய்ந்தன. செம்பருத்தியில் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் தீய்ந்தது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீரை வீணாக்காமல் செடிகளுக்கே விடுகிறோம். என்ன நடலாம்?

பதில்: எந்தச் செடி என்று கேட்டிருக்கிறீர்கள், எந்த உப்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கான விடையை உங்களை அறியாமலேயே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். கடற்பக்க இலைகள் மட்டும் தீய்ந்தால் அது காற்று கொண்டுவந்த உப்பு. ஆனி, ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும்போது அலையிலிருந்து சிதறும் துளிகள் காற்றோடு வந்து இலையில் படிந்து, நீர் ஆவியானதும் உப்பாக நின்றுவிடுகின்றன. முற்றிய இலைகள் எல்லாப் பக்கமும் நுனியிலிருந்து காய்ந்தால் அது வேர் வழியாக ஏறிய உப்பு. ஆகவே உங்கள் செம்பருத்தியைக் கொன்றது காற்று. எலுமிச்சையைக் கொன்றது நீங்கள் ஊற்றிய தண்ணீர்.

இந்த ஆர்.ஓ. நீர் பற்றிச் சற்று கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி குடிநீராகப் பிரிந்து போனால், அந்த உப்பு முழுவதும் மீதிப் பாதியில் தங்கி, வெளியேறும் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 3000 மில்லிகிராம் ஆகிவிடும். இயந்திரத்தை விற்பவர்கள் குடிநீர்க் குழாயில் உப்பை அளக்கும் மீட்டரை வைத்து எண்ணைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கழிவுக் குழாயில் யாரும் வைத்துக் காட்டுவதில்லை. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தாலேயே இந்தக் கடற்கரையில் எத்தனையோ வீட்டுத் தோட்டங்கள் பாழாகியிருக்கின்றன. அந்த நீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆழமாகத் துளையிட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். கடலோர மணலில் மழைநீர் எடை குறைவாக இருப்பதால் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. தனுஷ்கோடியில் கையால் மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுப்பவர்கள் இதை எந்தப் பொறியாளரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. ஆழம் போகப் போக நீங்கள் கடலைத்தான் நெருங்குகிறீர்கள்.

'உப்பைத் தாங்கும் ரகம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். எலுமிச்சை, உப்புக்கு மிகவும் அஞ்சும் மரங்களில் ஒன்று. அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கட்டி விற்றால் அதன் குணம் மாறிவிடாது. வண்டியில் வரும் செடிகள் பெரும்பாலும் நல்ல நீர் உள்ள ஊரில், நிழல்வலைக்குள், தென்னை நார்க் கழிவில் வளர்ந்தவை. உண்மையிலேயே உப்பைத் தாங்கக்கூடிய செடியும்கூட அந்தச் சொகுசிலிருந்து நேரே உங்கள் மணலுக்கு வந்தால் திகைத்துப் போகும். சரியாகக் கழுவப்படாத நார்க் கழிவிலேயே உப்பு நிறைய இருக்கும் என்பது வேறு கதை. செடி விற்பவரிடம் ரகத்தின் பெயரைக் கேட்காதீர்கள். எந்த ஊர்த் தண்ணீரில் வளர்ந்தது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வண்டியை அனுப்பிவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டிய செடிகளில் பெரும்பாலானவை அந்த வண்டியில் வருவதில்லை, ஏனெனில் அவற்றைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பூவரசு போத்து நட்டாலே துளிர்க்கும். பக்கத்து ஊரில் கிளை வெட்டும்போது கேட்டால் தருவார்கள். தாழையை அடியில் பிரியும் கன்றிலிருந்து எடுக்கலாம். இலை விளிம்பில் முள் உண்டு என்பதால் பிள்ளைகள் நடக்கும் வழியை விட்டு வையுங்கள். சங்கங்குப்பி குச்சி வைத்தால் பிடிக்கும், வெட்டி விட்டால் அடர்ந்த வேலியாகும், கடற்காற்றுக்கு அசைந்து கொடுக்காது. புன்னையை விதை போட்டு வளர்க்க வேண்டும்; மெதுவாகத்தான் வளரும், ஆனால் அந்த நிழலும் பூமணமும் வேறு எதிலும் இல்லை. இவற்றைக் கடற்பக்கம் இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளியை மற்றொன்று மறைக்கும்படி நடுங்கள். சவுக்கு வேகமாக உயரும் என்று பலரும் சொல்வார்கள். உயரும், ஆனால் அடிப்பகுதி வெறுமையாகிவிடும், உங்கள் செடிகள் இருப்பதோ அந்த உயரத்தில்தான்.

இந்த வரிசைக்கும் கடலுக்கும் நடுவே அடப்பங்கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும் படர்ந்திருந்தால் அவற்றைத் தொடவே தொடாதீர்கள். கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அவற்றைச் சுத்தம் செய்துவிட்டு, பிறகு வாசலில் குவியும் மணலை அள்ள ஆள் தேடுபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த மணலைக் கட்டி வைத்திருந்தவை அவைதாம்.

காற்று தடைப்பட்ட பிறகு உட்புறத்தில் உங்களுக்கு ஓரளவு சுதந்திரம் உண்டு. காகிதப்பூ, நித்தியகல்யாணி, அரளி ஆகியவை பூவுக்குப் போதும். அரளி நஞ்சு என்பதால் ஆடு மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். பழத்துக்குச் சப்போட்டா, இலந்தை, கொடுக்காப்புளி. தரையில் பச்சை வேண்டுமென்றால் அருகம்புல்லே போதும்.

ஜிப்சம் விஷயத்தில் ஒரு விளக்கம் தேவை. நீரில் கரையும் உப்பு மிகுந்த உவர் மண் வேறு, களித் துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்ட களர் மண் வேறு. ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து, களர் மண்ணின் களித் துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும் சோடியத்தைப் பெயர்த்தெடுக்கும். அது களர் மண்ணுக்கான மருந்து. உங்கள் மணலில் களியும் இல்லை, சிப்பியும் பவளமும் பொடிந்து சேர்ந்த சுண்ணாம்புக்கோ குறைவும் இல்லை. அங்கே மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் வியாபாரியின் கணக்கில்தான் மாற்றம் தெரியும். மணலுக்கு நல்ல நீரை நிறைய விட்டுக் கழுவுவதே மருந்து. ஆனால் நீங்கள் கண்மாய் மண் அடித்த அந்த ஒரு மூலையை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த மண்ணில் ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் மழைநீரோடு குலுக்கி வையுங்கள். சில மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் ஜிப்சம் வேண்டாம். மறுநாளும் கலங்கலாகவே நின்றால் அது களராக இருக்கக்கூடும். அப்போது மண்ணைச் சோதித்து, காரத்தன்மையின் அளவான பி.எச். 8.5-க்கு மேல் இருந்தால், அந்த மூலைக்கு மட்டும் ஜிப்சம் போட்டு, அதன் மேல் நல்ல நீர் நிறுத்தி, அந்த நீர் வடிந்து வெளியேற வழியும் செய்ய வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது, பெயர்த்த உப்பை அங்கேயே உட்கார வைப்பது.

சோதனைச் சீட்டு வந்ததும் அதில் உள்ள பரிந்துரையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கைக்கு வந்த சீட்டுகள் பலவற்றில், தாழை நிற்கும் மணலுக்கும் நெல்லுக்கான உர அளவுதான் அச்சாகியிருந்தது. பி.எச்., உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன் என்ற இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். பொட்டாஷ் போடச் சொல்லியிருந்தால் கடையில் முதலில் கிடைப்பது குளோரைடு கலந்த பொட்டாஷ்; அதுவும் ஒரு வகை உப்பே.

எப்போது நடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்பதால் அன்று கன்று கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அது வெயிலும் காற்றும் உச்சத்துக்குப் போகும் காலம். மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. நாட்காட்டியை மாற்ற அவர்களால் முடியாது, உங்களால் முடியும். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து மேல் மண்ணின் உப்பு கீழே இறங்கிய பிறகு நடுங்கள். அதற்கு முன்பே மொட்டைமாடி மழைநீரைத் தொட்டியில் பிடிக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கோடையில் அந்த நீரைத் தினமும் கொஞ்சமாகத் தெளிக்காமல், சில நாட்களுக்கு ஒருமுறை வேருக்கு மட்டும், நன்றாக இறங்கும்படி விடுங்கள்.

எலுமிச்சை இல்லாமல் மனம் ஆறாது என்றால், அதைப் பெரிய தொட்டியில், வீட்டின் வடபுறம் வைத்து, மழைநீரிலேயே வளருங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் காய் எதிர்பார்க்க வேண்டாம்.