முதலில் கிக்கரைக் கேளுங்கள்: வாசகர் கேள்விகள், மெக்கானிக் பதில்கள்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 1974 புல்லட் 350. காலையில் முதல் கியர் போட்டால் ‘டக்’கென்று வண்டி முன்னால் துள்ளுகிறது. சிக்னலில் நியூட்ரலும் விழுவதில்லை. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. நீங்கள் சொல்வது கிளட்ச் பிரியாத கோளாறு. லீவரைப் பிடித்தும் பிளேட்டுகள் ஒன்றையொன்று விடாமல் இழுக்கின்றன. தேய்ந்த பிளேட் பிடிக்காமல் வழுக்கத்தான் செய்யும், இப்படி இழுக்காது. அதனால் புது பிளேட் வாங்கிப் போட்டாலும் இதே துள்ளல் இருக்க வாய்ப்பு அதிகம்.

என்னிடம் வரும் எந்தப் பழைய புல்லட்டுக்கும் ஸ்பேனர் எடுப்பதற்கு முன் கிக்கரை மிதித்துப் பார்ப்பேன். சாவியை அணைத்து, நியூட்ரலில் வைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு மிதியுங்கள். கம்ப்ரஷனைத் திறந்துவிடும் டிகம்ப்ரஷர் லீவரைத் தொடவே கூடாது. கிக்கர் லேசாக இறங்கினால் பிளேட்டுகள் பிரிகின்றன. பிஸ்டனின் கம்ப்ரஷன் காலைத் தடுத்தால் ஒட்டியிருக்கின்றன. அடுத்து கிளட்சை விட்டுவிட்டு மிதியுங்கள். இப்போது கம்ப்ரஷன் நன்றாகத் தடுக்க வேண்டும். தடுக்காமல் கால் கீழே போய்விட்டால் வழுக்கல். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதி நோய் தெரிந்துவிடும்.

ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறிய பிளேட்டுகள் காலையில் ஒட்டிக்கொள்வது வழக்கம்தான். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்தபடி ஏழெட்டு முறை மிதித்தால் பிரிந்துவிடும். பல வருஷமாகப் புல்லட் ஓட்டுபவர்கள் பல் துலக்குவதைப் போல இதைச் செய்வார்கள். அப்படிச் செய்தபின் நாள் முழுக்கச் சரியாக ஓடினால் வேலையே இல்லை.

ஆனால் உங்களுக்குச் சிக்னலிலும் நியூட்ரல் விழவில்லை. சூடான பிறகும் இழுக்கிறது என்றால் பிளேட் போதுமான அளவு விலகவில்லை. கேபிள் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்துங்கள். கியர்பாக்ஸின் வலப்புறத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் லாக்நட் போட்ட ஸ்க்ரூ தெரியும். நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூ உள்ளே பிளேட்டைத் தள்ளிப் பிரிக்கும் ராடைத் தொடும் வரை விரல் பலத்தில் மட்டும் திருகி, அரைச் சுற்று பின்னால் எடுத்து, நட்டை இறுக்குங்கள். கடைசியாகத்தான் கேபிளுக்கு வர வேண்டும். கைப்பிடி லீவருக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் ஆட்டம் இருந்தால் போதும். பெரும்பாலோர் கேபிளை மட்டுமே திருகுகிறார்கள். உள்ளே லீவர் தவறான கோணத்தில் நின்றுவிடும், எவ்வளவு இழுத்தாலும் ராட் தள்ளாது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள். ஆட்டம் கூடிக் குறைந்தால் கேபிள் போகும் வழி சரியில்லை.

இதற்கும் சரியாகவில்லை என்றால் கிளட்சை மூடியிருக்கும் பிரைமரி மூடியைத் திறக்கலாம். நடுவில் ஒரே ஒரு நட்தான், கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் கொட்டும். இஞ்சின் எண்ணெய் வேறு, இந்த எண்ணெய் வேறு. டார்ச் அடித்துக்கொண்டு ஒருவரைக் கிளட்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளித் தட்டு ஒரே மட்டமாக வெளியே வருகிறதா, ஒரு பக்கம் சாய்ந்து வருகிறதா என்று குனிந்து பாருங்கள். சாய்ந்தால் ஸ்பிரிங்குகள் சோர்ந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றுங்கள். எஃகுத் தகடுகளைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். பிளேட்டுகள் உட்கார்ந்திருக்கும் டிரம்மின் பள்ளங்களில் பிளேட்டின் காதுகள் குத்திக் குத்திப் படி விழுந்திருக்கும். நகத்தால் தடவுங்கள், நகம் தட்டினால் அங்கேதான் பிளேட் மாட்டிக்கொள்கிறது. மெல்லிய அரத்தால் இழைத்துவிடலாம்.

சரியாகும் வரை சிக்னலில் நிற்பதற்கு முன்பே, இரண்டாவது கியரில் உருளும்போதே, குதிகாலால் நியூட்ரல் ஃபைண்டரை, அதாவது நேராக நியூட்ரலுக்குக் கொண்டுபோகும் லீவரை, தட்டிவிடுங்கள். முதல் கியருக்கு வந்துவிட்டால் அது வேலை செய்யாது. அப்பாவின் கால் அதைத் தானாகத் தேடியிருக்கும்.

கேள்வி: கொடைக்கானல் ஏற்றத்தில் என் புல்லட் இரைகிறது, ஏற மாட்டேன் என்கிறது. ஒரு பட்டறையில் கிளட்ச் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டுத் தந்தார்கள். ஒரு மாதம் ஓடியது, இப்போது கேபிள் அறுந்துவிட்டது.
- பெரியகுளம் வாசகி

பதில்: அந்த வாஷர்களை எடுத்துவிடுங்கள் அம்மா. இஞ்சின் இரைந்தும் வண்டி ஏறாதது கிளட்ச் வழுக்கல். உங்கள் வண்டியில் அதற்கான காரணம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் லீவரின் கனம் கூடி, கேபிளும் போய்விட்டது, உங்கள் மணிக்கட்டும் வலித்திருக்கும். லீவரில் ஆட்டமே இல்லாமல் இறுக்கியிருந்தால் ராட் எந்நேரமும் பிளேட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வழுக்கத்தான் செய்யும். முதலில் அதைத் தளர்த்திப் பாருங்கள். பிறகு பிரைமரி எண்ணெய். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, லெவல் ஸ்க்ரூவைத் திறந்து, எண்ணெய் அந்தத் துளையில் மெல்ல எட்டிப் பார்க்கும் வரை மட்டும் ஊற்றுங்கள். கார் இஞ்சினுக்கான வழுவழுப்பு கூட்டிய எண்ணெய் வேண்டாம். இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட்டின் உரசும் பரப்பான லைனிங் தேய்ந்திருக்கிறது, அப்போது பிளேட் செட்டாக மாற்றுங்கள். புதுக் கேபிள் போடும்போது இன்னொன்றையும் அதன் கூடவே ஓடவிட்டுக் கட்டிவையுங்கள். மலையில் நின்றுபோனால் முனையை மாற்றி மாட்டினால் போதும்.

கேள்வி: என் எஸ்டி (Yezdi) பைக்கில் கிளட்ச் பிடிக்காமலே கியர் விழுகிறதே, கெட்டுவிடாதா?
- மைசூரு வாசகர்

பதில்: கெடாது. உங்கள் ஊரில் பிறந்த வண்டியின் அழகே அதுதான். கியர் லீவரை மிதித்ததும் அது முதலில் கிளட்சைப் பிரித்துவிட்டு, அப்புறம்தான் கியரை மாற்றும். இஞ்சினை அணைத்துவிட்டு மெதுவாக மிதித்துப் பாருங்கள், கைப்பிடியில் கேபிள் தளர்வதை விரலால் உணரலாம். கியர் நறநறவென்று விழத் தொடங்கினால் மட்டும் உள்ளே அட்ஜஸ்ட்மெண்ட் விலகியிருக்கிறது என்று பொருள். புறப்படும்போது மட்டும் கைக் கிளட்சைப் பயன்படுத்தத் தவறாதீர்கள்.