14 வயதில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய வேண்டாம்

"மகளுக்கு 14 வயது. இன்ஜினியர் ஆக வேண்டும் என்கிறாள். எந்தப் பிரிவுக்கு எதிர்காலம் இருக்கிறது? இப்போதே கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா?" பெற்றோர் பலர் இந்த இரண்டு கேள்விகளோடுதான் வருகிறீர்கள்.

பிரிவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் என்று எதில் போனாலும் தொடக்கத்தில் படிப்பது பெரும்பாலும் ஒரே கணக்கும் ஒரே இயற்பியலும்தான். ஆர்வத்தோடு சேர்ந்த பிள்ளைகள் தடுமாறுவதும் அங்கேதான். அங்கே திணறாமல் இருக்க என்ன வேண்டுமோ, அதை வீட்டிலிருந்தே தயார் செய்யலாம்.

முதலில் கணக்கு. "பிசிக்ஸ் புரியவில்லை" என்று வரும் பிள்ளையிடம் நான் பிசிக்ஸ் கேட்பதில்லை. 'மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை' என்று எழுதிக் கொடுத்து, மின்தடையை மட்டும் ஒரு பக்கம் கொண்டு வரச் சொல்வேன். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அப்படியென்றால் பிசிக்ஸில் கோளாறு இல்லை; இரண்டு வகுப்புக்கு முன்னால் இயற்கணிதத்தில் ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. பின்னம், விகிதம், சமன்பாட்டை மாற்றி எழுதுவது, வரைபடத்தைப் படிப்பது, முக்கோணவியல் ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளையிடமும் ஓட்டை இருக்கலாம். பழகிய மாதிரிக் கணக்கைப் போட்டே மதிப்பெண் எடுத்துவிட முடியும் என்பதால் வெளியே தெரிவதில்லை. ஓட்டை தெரிந்தால் அந்தக் கீழ்வகுப்புப் புத்தகத்தையே எடுத்து உட்கார வையுங்கள். "இதுகூடத் தெரியாதா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் அந்தப் பிள்ளை தெரியாததை மறைக்கத்தான் பழகும்.

கூடவே, விடைக்குப் பின்னால் அலகு எழுதும் பழக்கம். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்த எண்களை, இன்னொன்று நியூட்டன் அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

இன்னொரு சம்பவத்தையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். 1981இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஒரு ஓட்டலின் உள்ளே தொங்கிக்கொண்டிருந்த நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு பாலங்கள். முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் நீளமான கம்பிகள் இரண்டையுமே தாங்குவதாக இருந்தது. கட்டும்போது அதை மாற்றி, மேல் பாலத்தைக் கூரையிலிருந்தும், கீழ்ப் பாலத்தை மேல் பாலத்திலிருந்தும் தனித்தனிக் கம்பிகளில் தொங்கவிட்டார்கள். ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது வேறு. ஒருவர் கயிற்றைப் பிடிக்க, இன்னொருவர் அவர் காலைப் பிடித்துத் தொங்குவது வேறு. மேல் பாலத்து இணைப்பில் சுமை இரட்டிப்பானது. இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். தாளில் படம் போட்டு, எந்த இடத்தில் எவ்வளவு விசை என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை அதில் ஆழ்ந்துபோய் "ஏன் யாரும் கவனிக்கவில்லை?" என்று கேட்டால், அந்தக் கேள்வியை எந்தத் தேர்வு மதிப்பெண்ணையும்விட நான் பெரிதாக மதிப்பேன்.

அடுத்தது கைவேலை. விலை உயர்ந்த ரோபோ கிட் எதுவும் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி), பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களை இணைத்துப் பார்க்கும் பலகை), கொஞ்சம் ரெசிஸ்டர் (மின்தடை தரும் சிறு பாகம்), எல்இடி விளக்கு, முடிந்தால் ஓர் ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சிறிய மின்பலகை) போதும். வீடியோவைப் பார்த்து அப்படியே மாட்டுவதில் பெரிய பயன் இல்லை. மாட்டுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும். 5 வோல்ட் கொடுக்கிறோம், சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட் 220 ஓம் ரெசிஸ்டரில் விழும், அப்படியானால் ஓடுவது ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர். அப்புறம் மீட்டரில் அளந்து பார்க்கட்டும். கணக்கும் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று தேடட்டும். நோட்டில் தேதி போட்டு, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று நாலு வரி எழுதினால் இன்னும் நல்லது. பொருள் வாங்க வசதி இல்லையென்றால் டிங்கர்கேட் என்ற இணையதளத்தில் இதையே கணினித் திரையில் இலவசமாகச் செய்து பார்க்கலாம்.

பழுதான பொருட்களைக் கழற்றிப் பார்க்கவும் விடுங்கள். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு, பழைய பெட்டி டிவி, லித்தியம் பேட்டரி இந்த மூன்றையும் தொடவே கூடாது. முதல் இரண்டிலும் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். மூன்றாவது ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும்.

புரோகிராமிங்குக்குப் பைத்தான் என்ற மொழி ஒன்று போதும். ஏஐ எழுதித் தருமே என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். தரும்தான். ஆனால் அது தரும் விடை சரியா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு, மேலே சொன்ன கணக்கு வேண்டும்.

கோச்சிங்கைப் பொறுத்தவரை, நுழைவுத் தேர்வு நெருங்கும்போது தேவைப்பட்டால் யோசிக்கலாம். 14 வயதில் மாலை நேரம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டால், கழற்றிப் பார்க்கவும் யோசிக்கவும் நேரம் எங்கே இருக்கும்?

பிரிவு பற்றிய கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால், தெரிந்தவர்களில் வெவ்வேறு துறை இன்ஜினியர்கள் இரண்டு மூன்று பேரிடம் மகளையே பேச வையுங்கள். "உங்கள் வேலை எப்படி?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்கட்டும். சைட்டில் நின்றது, மீட்டிங், திருத்திய வரைபடம், வராத பொருளுக்குப் போன் செய்தது எல்லாம் வெளியே வரும். கேட்டுவிட்டு வந்த பிறகு, அதில் எந்த நாள் தனக்குப் பிடித்திருந்தது என்று அவளே சொல்லட்டும். எதுவும் பிடிக்கவில்லை என்றாலும் பதறாதீர்கள். வேறு துறையைப் பார்க்க அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.